அம்மாவின் இருமலும் என்ரை மொழிபெயர்ப்பும்

எங்கடை வீடுகளில் எவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியுமோ அவன்தான் மொழிபெயர்ப்பாளன். சம்பளம் இல்லை, லீவும் இல்லை. கவுன்சில் கடிதம் வந்தாலும் அவன், காஸ் பில் வந்தாலும் அவன், அம்மாவை ஜீபியிடம் கூட்டிக்கொண்டு போவதும் அவன். எங்கள் வீட்டில் அது நான். 1998இல் அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து பழகின ஆங்கிலம் என்னுடையது. சிகரெட் விற்கவும் சண்டை பிடிக்கவும் அது காணும். அதை வைத்துக்கொண்டு அம்மாவின் உடம்பையும் மொழிபெயர்க்கலாம் என்று நினைத்ததுதான் என்னுடைய பிழை.

அம்மா 2007இல் லண்டன் வந்தா. 2011 ஒக்டோபரில் அவவுக்குப் பிரஷர் கூடிவிட்டது. ஏற்கெனவே சீனி வருத்தம். ஜீபி ஒரு புதுக் குளிசை எழுதித் தந்தா. ரமிப்ரில் என்று பெயர். சீனியும் பிரஷரும் சேர்ந்து இருக்கிற ஆட்களுக்கு அந்த வகைக் குளிசைதான் நல்லது, சிறுநீரகத்தையும் காக்கும் என்றா. அதில் ஒரு பிழையும் இல்லை. உலகம் முழுக்க எத்தனையோ பேரின் இதயத்தைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிற மருந்து அது. (இதை முதலே சொல்லி வைக்கிறேன். 'இங்கிலிஸ் மருந்தெல்லாம் நஞ்சு' என்கிற கட்சியில் என்னையும் ஒருவரும் சேர்த்துவிட வேண்டாம்.)

மூன்று கிழமையால் இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. வறட்டு இருமல். தொண்டைக்குள் யாரோ கோழி இறகை விட்டுக் கிண்டுகிற மாதிரி என்றா அம்மா. இரவில் இன்னும் மோசம். மல்லித்தண்ணி குடித்தா, மிளகும் தேனும் சாப்பிட்டா, கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்தும் பார்த்தா. ஒன்றுக்கும் அசையவில்லை. ஒரு மாதம் கழித்து ஜீபியிடம் போனோம்.

அன்றைக்கு அம்மா சொன்னதை எனக்கு இன்றைக்கும் அப்படியே சொல்லத் தெரியும்.

"அவவிட்டைச் சொல்லு தம்பி, முந்தி எனக்கு இப்பிடி இருமல் இருந்ததில்லை. இந்தப் புதுக் குளிசை துவங்கி மூண்டு கிழமையாலைதான் பிடிச்சது. இது தடிமன் இருமல் இல்லை, வறட்டு இருமல். படுத்தால் கூடுது. தயிரையும் நிப்பாட்டிப் பாத்திட்டன். வாழைப்பழமும் தின்னுறேல்லை. அப்பவும் நிக்கேல்லை. எனக்கெண்டால் இந்தக் குளிசைதான் ஒத்துவரேல்லைப் போலை கிடக்கு. வேறை மாத்தித் தரேலுமோ எண்டு கேள்."

நான் ஜீபியிடம் ஆங்கிலத்தில் சொன்னது: "அம்மாவுக்கு ஒரு மாதமாக இருமல்."

அவ்வளவுதான். பத்து வசனம் என் வாய்க்குள் போய் ஒரு வசனமாக வெளியில் வந்தது. ஏன் வெட்டினேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். ஜீபியிடம் இருப்பது பத்து நிமிடம், அதில் பாதி போய்விட்டது என்பது ஒரு காரணம். தயிர், வாழைப்பழம் என்று ஒரு வெள்ளைக்கார டொக்டரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்பது இன்னொரு காரணம். தயிரோடு சேர்த்துக் குளிசையையும் தூக்கி எறிந்துவிட்டேன். அம்மா சொன்ன எல்லாமே கிழவியின் கதையாகத்தான் என் காதில் விழுந்தது. ஆனால் அதற்கும் அடியில் ஒன்று கிடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜீபி இருமல் பாணி எழுதினா. அது சரிவராமல் அன்ரிபயோட்டிக். பிறகு நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் அம்மா "குளிசை" என்று தொடங்குவா, நான் "சரியம்மா, சொல்லுறன்" என்பேன். மூன்றாவது முறையோடு அவ சொல்வதை விட்டுவிட்டா. கையில் லேஞ்சியை வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் நித்திரை குழம்பக்கூடாது என்று குசினிக் கதிரையில் இருந்து இருமிக்கொண்டிருப்பா.

2012 சித்திரையில் ஒரு இரவு, பதினொரு மணி இருக்கும், மனுசி என்னை உலுப்பி எழுப்பினா. அம்மாவின் கீழ்ச்சொண்டு பெருவிரல் மொத்தத்துக்கு வீங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே மேற்சொண்டும் கன்னமும் வீங்கின. கடி இல்லை, சொறி இல்லை, தடிப்பு இல்லை. வெறும் வீக்கம். அம்மா ஏதோ சொன்னா, ஒன்றும் விளங்கவில்லை. நாக்குத் தடித்துவிட்டது. பின்னேரம் சாப்பிட்ட இறாலாக இருக்கும் என்றேன் நான். வீட்டில் கிடந்த அலேர்ஜிக் குளிசை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காலைவரை பார்ப்பம் என்றும் சொன்னேன். நல்லகாலம், மனுசி நான் சொன்னதைக் கேட்கவில்லை. 999க்கு அடித்தா.

அன்றைக்குக் காலைவரை பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு விதமாக இருந்திருக்கும்.

ஆசுப்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் அம்மா எடுக்கிற மருந்தெல்லாம் என்னென்ன என்று கேட்டார். மனுசி குளிசைப் பெட்டி முழுவதையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தா. (இதையும் நான் செய்யவில்லை.) அவர் ரமிப்ரில் பெட்டியைக் கையில் எடுத்தார். எவ்வளவு காலமாக என்றார். ஆறு மாதம் என்றேன். வறட்டு இருமல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியும். இருமலுக்கு என்ன சொல்வார்கள் என்று ஆறு மாதத்தில் பழகியிருந்தா. வீங்கின முகத்தோடு தலையை ஆட்டினா.

பிறகு அறிந்துகொண்டதை என் பாசையில் சொல்கிறேன். எங்கள் உடம்பில் பிரடிகைனின் என்று ஒரு பொருள் ஊறுகிறது. அது கூடினால் இரத்தக் குழாய் விரியும், நீர் கசியும், தொண்டை நரம்பு கிளறும். அதை உடைத்துப் போடுகிற நொதியத்தைத்தான் இந்தக் குளிசை மறிக்கிறது. மறித்தால் பிரஷர் குறையும். ஆனால் பிரடிகைனினும் தேங்கும். அதனால்தான் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு வறட்டு இருமல் வருகிறது, பெண்களுக்குக் கூடுதலாக. ஆயிரத்தில் சில பேருக்கு முகமும் நாக்கும் தொண்டையும் வீங்குகின்றன. அந்த வீக்கம் முதல் நாளே வரவேண்டும் என்றில்லை. மாதக்கணக்கில், வருசக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் எடுத்த ஆளுக்கும் வரும். இது வழமையான அலேர்ஜி இல்லாதபடியால் அலேர்ஜிக் குளிசை பெரிதாகக் கேட்காது. மூச்சுவழி அடைபடாமல் பார்க்கிறதுதான் முக்கியம். அதை வீட்டில் செய்ய ஏலாது.

இந்த மருந்தின் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. பிரேசிலில் ஜராராக்கா என்றொரு விரியன் பாம்பு. அதன் விசம் பிரடிகைனினின் வேலையைக் கூட்டுகிறது என்று 1960களில் செர்ஜியோ ஃபெரெய்ரா என்கிற பிரேசில் விஞ்ஞானி கண்டுபிடித்தார். அந்த வழியால் போய்த்தான் இந்தக் குடும்பத்து முதல் குளிசை, கப்டோப்ரில், செய்யப்பட்டு 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருமல்? 1980களின் நடுப்பகுதியில்தான் மருத்துவச் சஞ்சிகைகளில் அது பெரிதாகப் பேசப்பட்டது. அதுவரை எத்தனை பேர் இருமிக்கொண்டு இருமல் பாணி குடித்திருப்பார்கள்! அவர்களில் எத்தனை பேர் "இந்தக் குளிசைக்குப் பிறகுதான்" என்று சொல்லிப் பார்த்திருப்பார்கள்!

அம்மாவை இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். வீக்கம் மெல்ல மெல்லத்தான் வற்றியது. ரமிப்ரிலை அன்றே நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்குள் இருமலும் இல்லை. வீட்டில் இரவு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நான் நித்திரை இல்லாமல் கிடந்தேன்.

அப்போதுதான் கொப்பியின் ஞாபகம் வந்தது.

ஊரில் அக்காவுக்குச் சின்ன வயதில் பெனிசிலின் ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்திருக்கிறது. எங்கள் ஊர் டிஸ்பென்சரி அப்போதிக்கரி ஐயா நல்ல மனுசன். கிளினிக் கொப்பியின் மட்டையில் சிவப்பு மையால் 'பெனிசிலின் ஆகாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது, காணி உறுதி, பிறப்புப் பத்திரம், ஐயாவின் படம் இவற்றோடு அம்மா அந்தக் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தா. செம்மணி வெளியில் மழை. அரிசிப் பையை வழியில் விட்டோம். கொப்பியை விடவில்லை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அக்காவுக்குத் தொண்டை புண்ணாகிக் காய்ச்சல். மருந்தே கிடையாத நாட்கள் அவை. எங்கேயோ இருந்து ஒரு பெனிசிலின் ஊசி கிடைத்து, தொண்டர் பிள்ளை ஒன்று பெரிய சந்தோசத்தோடு கொண்டுவந்தது. அம்மா கொப்பியை எடுத்து அதன் முகத்துக்கு நேரே பிடித்தா. "வேண்டாம் பிள்ளை. இது இவளுக்கு ஆகாது."

அந்த மனுசி சொன்னதைத்தான் நான் லண்டனில் கிழவியின் கதை என்று வெட்டினேன்.

அடியில் கிடந்த காரணம் என்று ஒன்று சொன்னேனே. பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு பனடோலைப் பாதியாக உடைத்துப் பகிர்ந்த ஆட்கள் நாங்கள். எங்களுக்கு மருந்து என்றால் வரம். வரத்தில் குறை சொல்வதா? இங்கே இலவசமாகத் தருகிறார்கள், 'இது சரியில்லை, மாற்றித் தா' என்று கேட்டால் நன்றி கெட்டவர்கள் என்று நினைப்பார்கள் என்கிற கூச்சம். அதோடு அகதி விசாரணையில் பழகின இன்னொரு பாடம். கதையைச் சுருக்கமாகச் சொல்லு. நாள் பிழைச்சுச் சொல்லாதே. ஆதாரம் இல்லாததைச் சொல்லாதே. சந்தேகமாகச் சொன்னால் பொய்யன் ஆக்கிவிடுவார்கள். அந்த அறையில் உயிரைக் காத்த பழக்கம் டொக்டரின் அறையில் உயிரை எடுக்கப் பார்த்தது. டொக்டருக்கு வேண்டியது நாங்கள் பயந்து பயந்து வெட்டுகிற அந்தச் சந்தேகம்தான். எப்ப துவங்கினது, எதற்குப் பிறகு துவங்கினது, நிப்பாட்டினால் என்ன நடந்தது. அம்மா மூன்றில் இரண்டைத் தானாகவே சொன்னா.

பிரித்தானியாவில் மஞ்சள் அட்டை என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பாமசிக்காரர் சொல்லித்தான் நான் அறிந்தேன். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தலிடமைட் என்கிற மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளும் சத்திக்காக எடுத்தார்கள். கை கால் குறைந்த குழந்தைகள் பிறந்தன. உலகம் முழுவதும் பத்தாயிரம் அளவில் என்பார்கள். 1961 கடைசியில் ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், அவுஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிறைட் என்கிற டொக்டர்மார் தனித்தனியே சந்தேகத்தை வெளியில் சொன்னபிறகுதான் மருந்தை எடுத்தார்கள். அதற்குள் நான்கு வருசம் போய்விட்டது. சந்தேகங்களை ஓரிடத்தில் சேர்க்க இடம் இருந்திருந்தால் இவ்வளவு நாள் எடுத்திராது என்றுதான் 1964இல் மஞ்சள் அட்டையைத் தொடங்கினார்கள். முதலில் டொக்டர்மாருக்கு மட்டும். 2005இல் இருந்து நோயாளிகளும் வீட்டுக்காரரும் தாங்களே எழுதலாம். இப்போது இணையத்திலும் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருக்கிறவர்களுக்கும் 2012 முதல் அந்த உரிமை இருக்கிறது. கனடாவில் ஹெல்த் கனடாவுக்கு அறிவிக்கலாம்.

நான் அம்மாவுக்காக அதை நிரப்பினேன். மருந்தின் பெயர், அளவு, தொடங்கின நாள், இருமல் வந்த நாள், வீங்கின நாள், நிறுத்தினபிறகு என்ன நடந்தது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் இருந்தால் போதும் என்று இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன். இந்த நாட்டில் என்னிடம் ஆதாரம் கேட்காத முதல் படிவம் அது.

இனி எங்கடை ஆட்களிடம் நான் கண்ட சில விசயங்கள்.

வாய் திறக்காத ஆட்கள் ஒரு வகை. இன்னொரு வகை, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துகிற ஆட்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாமா குளிசையை வாயில் போடுகிற மாதிரிப் போட்டுப் பூச்சாடிக்குள் புதைத்துக்கொண்டு வந்தார். பிரஷர் இறங்கவில்லை என்று டொக்டர் அளவைக் கூட்ட, பூச்சாடிக்கும் அளவு கூடியது. ஒத்துவராத குளிசையை நிறுத்தவேண்டி வரலாம். ஆனால் வலிப்புக் குளிசை, கனகாலம் எடுத்த ஸ்டெரோயிட், நெஞ்சுக்கு எடுக்கிற பீற்றா புளொக்கர் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே ஆளை விழுத்தும். டொக்டரையோ பாமசியையோ கேட்டுச் செய்யுங்கள். முகம், சொண்டு, நாக்கு, தொண்டை வீங்கினால், மூச்சு இழுத்தால், மயங்கி விழுந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. அவசர இலக்கத்துக்கு அடிக்கவேண்டும், சந்தேகமான மருந்தை அடுத்த தரம் கொடுக்கக்கூடாது. புது மருந்து தொடங்கிச் சில கிழமைக்குள் காய்ச்சலோடு தோல் கொப்பளித்து உரிந்தாலும், வாயும் கண்ணும் புண்ணானாலும் அதே அவசரம்தான். அதைக் 'கிரந்தி' என்று மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கக்கூடாது. வாதக் குளிசை அலோபியூரினோல் எடுக்கிற ஆட்கள் எங்களில் கனபேர். அரிதாக அதற்கும் இப்படி வரும்.

மூன்றாவது வகை, மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற துண்டை முழுக்க வாசித்துவிட்டு அதில் உள்ள எல்லா வருத்தமும் தனக்கு வந்துவிட்டது என்கிற ஆள். இது என் நண்பன். தலையிடி, வயிற்றுப்போக்கு, நித்திரையின்மை எல்லாம் அவனுக்கு ஒரே பின்னேரத்தில் வரும். அவனையும் நான் பகிடி பண்ணுவதை விட்டுவிட்டேன். நாளைக் குறித்து வை, டொக்டரிடம் காட்டு என்கிறேன். அரைவாசி வருத்தம் குறிக்கும்போதே போய்விடுகிறது.

பிறகு கொழும்பில் இருந்து வருகிற சூட்கேஸ். முறுக்கு, மிளகாய்த்தூள், ஒடியல்மா, அதற்குக் கீழே டைக்குளோபெனாக் கார்ட் பத்து. இந்த நாட்டில் 2015 முதல் அந்தக் குளிசையைச் சீட்டு இல்லாமல் விற்க ஏலாது. இதயத்துக்குக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள். முழங்கால் நோவுக்கு அதைப் போட்டுக்கொண்டு, ரமிப்ரில் மாதிரிப் பிரஷர் குளிசையும், நீர் போகிற குளிசையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்தாலும் அடி. இந்தச் சூட்கேஸ் மருந்தையும், லேகியத்தையும், மூலிகைக் கசாயத்தையும் ஒருவரும் டொக்டரிடம் சொல்வதில்லை. 'அது மருந்தில்லைத்தானே' என்பார்கள். வேலை செய்கிற பொருள் எல்லாம் மருந்துதான், இடைஞ்சலும் செய்யும்.

இன்னொன்று. மருத்துவச் சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கொண்டுபோய் வைத்துப் பேசாதேங்கோ. என் மாதிரி நாற்பது வயதுப் பிள்ளையையும் நம்பாதேங்கோ.

ஆசுப்பத்திரியால் வந்த பிறகு ஜீபியைப் பார்க்கப் போனோம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கட்டோ என்று அம்மாவிடம் கேட்டேன். "வேண்டாம், நீயே வா" என்றா. அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்கு விளங்கவில்லை.

ஜீபி புதுக் குளிசை ஒன்று எழுதப் போகிறேன், 'சார்டன்' என்று முடிகிற வேறு குடும்பம், இருமல் வருவது குறைவு, ஆனாலும் வீக்கம் ஏதும் வருகிறதா என்று கவனமாகப் பார்க்கவேண்டும் என்றா. 'ப்ரில்' என்று முடிகிற ஒன்றும் இனி அம்மாவுக்கு ஆகாது என்று கொம்பியூட்டரில் பதிந்தா. என்னிடம் அம்மாவின் பழைய கொப்பி இல்லை. வீட்டில் கிடந்த பிள்ளைகளின் கொப்பி ஒன்றின் மட்டையில் நானும் சிவப்பு மையால் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதைக் காட்டினேன். அம்மாவுக்கு வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று ஜீபி கேட்டா.

அம்மா சொல்லத் தொடங்கினா. நான் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். இருமல் எந்தக் கிழமை துவங்கினது, எந்தப் பக்கம் படுத்தால் கூடினது, குசினிக் கதிரையில் எத்தனை இரவு இருந்தது. கடைசியில் முடிந்துவிட்டது என்று நினைத்து எழும்பினேன். அம்மா என் கையைப் பிடித்து இருத்தினா.

"தயிரைச் சொன்னனியோ?"

சொன்னேன். ஜீபி அதையும் எழுதினா.